படைத்தவரின் கை எந்த இடத்தில்? பரிணாமமும் மதங்களும்

கேள்வி மூன்று துண்டுகளாக வந்திருக்கிறது. பரிணாமத்தை ஏற்றால் கடவுளைக் கைவிட வேண்டுமா? முதல் உயிரைக் கடவுள் படைத்தார், மீதியைப் பரிணாமம் பார்த்துக்கொண்டது என்று சமரசம் செய்துகொள்ளலாமா? நாளை ஆய்வுக்கூடத்தில் உயிரை உருவாக்கிவிட்டால் மதங்கள் என்ன செய்யும்?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: வேண்டியதில்லை. பெரிய மதங்கள் ஒவ்வொன்றிலும் பரிணாமத்தோடு ஒத்துப்போகும் மரபு ஒன்று இருக்கிறது. சிலவற்றில் அது டார்வினைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. இரண்டாவதற்கு: சொல்லலாம், ஆனால் இருப்பதிலேயே பலவீனமான நிலைப்பாடு அதுதான். அறிவியலின் பக்கம் நின்று மட்டும் இதைச் சொல்லவில்லை, சமயத்தின் பக்கம் நின்றாலும் அப்படித்தான் தெரிகிறது. மூன்றாவதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அந்தச் சமரசத்துக்கு இடம் கொடுத்தவர் டார்வினேதான். 1859 நவம்பரில் வெளியான அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் கடைசி வாக்கியத்தில், உயிர் தொடக்கத்தில் சில வடிவங்களில் அல்லது ஒரே வடிவத்தில் 'ஊதப்பட்டது' என்று வரும். யார் ஊதினார் என்று இருக்காது. 1860 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த இடத்தில் 'படைத்தவரால்' என்பது புதிதாகச் சேர்ந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, நண்பரும் தாவரவியலாளருமான ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் இதற்காக வருந்தினார். பொதுக்கருத்துக்குப் பணிந்து விவிலியச் சொல்லைக் கையாண்டுவிட்டேன், நான் சொல்ல நினைத்தது 'நாம் சற்றும் அறியாத ஏதோ ஒரு முறையில் தோன்றியது' என்பதைத்தான் என்றார். வருந்தினாரே தவிர, 1872இல் வந்த ஆறாம் பதிப்புவரை அதை நீக்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் என்ன கோளாறு? கடவுளின் வேலை, நமக்கு இன்னும் விளங்காத இடத்தில் மட்டும் இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. விளங்கத் தொடங்கியதும் அவர் அங்கிருந்தும் நகர வேண்டும். நியூட்டனுக்கு இதே கதிதான் நேர்ந்தது. கோள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவற்றின் பாதைகள் நாளடைவில் சீர்குலையும், அவ்வப்போது கடவுள் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று அவர் எழுதினார். ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் கேலி செய்தார்: அடிக்கடி சாவி கொடுத்துப் பழுதுபார்க்க வேண்டிய கடிகாரத்தைச் செய்தவர் திறமையான கடிகாரக்காரராக இருக்க முடியுமா? பிறகு பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் கணக்குப் போட்டு, அந்தத் தடுமாற்றங்களில் பெரும்பகுதி தாமாகவே சமநிலைக்கு வருபவை என்று காட்டினார். கடவுளுக்கு ஒதுக்கிய வேலை போய்விட்டது. 1944இல் நாஜிச் சிறையிலிருந்து எழுதிய கடிதமொன்றில் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் இதையே எச்சரித்தார்: நம் அறிவின் ஓட்டைகளை அடைப்பதற்குக் கடவுளைப் பயன்படுத்தாதீர்கள், அறிவு வளர வளர அவரைப் பின்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும். இதைச் சொன்னவர் நாத்திகர் அல்லர், கிறிஸ்தவப் போதகர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் ஆழமாக யோசித்த ஆத்திகர்கள் கடவுளை எங்கே வைத்தார்கள்? எல்லா இடத்திலும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீன் விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலுக்கு எழுதிய விரிவுரையில், கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆனால் பலவற்றை முழு உருவில் படைக்காமல் விதைபோன்ற ஆற்றல்களாக உலகில் இட்டுவைத்தார், அவை தத்தம் காலத்தில் வெளிப்பட்டன என்றார். இதைப் பரிணாமக் கொள்கை என்று அழைத்துவிடக் கூடாது. ஓர் இனம் இன்னோர் இனமாக மாறுவதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் படைப்பு நடந்ததாகத் தொடக்கநூல் சொல்லும் ஆறு நாட்களை ஆறு முறை சூரியன் எழுந்து விழுந்த நாட்களாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது 1,600 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு உறுதியான எலும்புக்கூட்டைக் கொடுத்தார். கடவுள் முதற்காரணம், இயற்கைப் பொருட்கள் இரண்டாம் நிலைக் காரணங்கள். இரண்டும் ஒரே வேலையைப் பங்கு போட்டுக்கொள்பவை அல்ல. பாதியைக் கடவுள் செய்தார், பாதியை இயற்கை செய்தது என்று கணக்கெழுத முடியாது. முழுவதும் இயற்கையின் செயல், முழுவதும் கடவுளின் செயல். தான் செய்வதோடு நில்லாமல் படைக்கப்பட்டவற்றுக்கும் செய்யும் ஆற்றலைத் தருவது கடவுளின் பெருமையைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை என்பது அவர் வாதம். 1884இல் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆயர் ஃபிரெடரிக் டெம்பிள் ஆக்ஸ்ஃபோர்டு சொற்பொழிவுகளில் சொன்னதும் இதன் வழிவந்ததுதான்: கடவுள் பொருட்களைச் செய்யவில்லை, அவை தம்மைத் தாமே செய்துகொள்ளுமாறு செய்தார். டார்வினை ஏற்றுப் பேசிய அவர் அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்குள் அந்தத் திருச்சபையின் தலைமைக் குருவான கான்டர்பரி பேராயராக அமர்ந்தார். திருச்சபை முழுவதும் டார்வினை எதிர்த்துத் திரண்டு நின்றது என்ற கதை எவ்வளவு மிகைப்பட்டது என்பதற்கு இது போதும்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பரிணாமத்தின் மூலப்பொருள் தற்செயலான மரபணு மாற்றம். அவற்றில் பிழைத்துப் பெருக உதவுபவை தலைமுறைகளில் நிலைக்கின்றன; இதுவே இயற்கைத் தேர்வு. தற்செயலும் தெய்வச் சித்தமும் எப்படி ஒன்றாக இருக்கும்? இந்தச் சண்டை டார்வினுக்கும் ஆசா கிரே என்ற அமெரிக்கத் தாவரவியலாளருக்கும் இடையே கடிதங்களில் நடந்தது. இருவரும் நெருங்கிய நண்பர்கள். கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர், அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியவரும் அவரே. மாற்றங்கள் நன்மை தரும் திசையில் கடவுளால் நடத்தப்படுகின்றன என்று நம்பலாமே என்றார் கிரே. டார்வின் 1868இல் அச்சில் பதில் சொன்னார். மலைச்சரிவிலிருந்து உருண்டு விழுந்த கற்களைப் பொறுக்கி ஒருவர் வீடு கட்டுகிறார். ஒவ்வொரு கல்லின் வடிவத்துக்கும் பாறையின் தன்மை, விரிசல், மழை என்று காரணம் உண்டு. ஆனால் இந்த வீட்டுக்காகவே அந்தக் கற்கள் அப்படி உடைந்தன என்று சொல்ல முடியுமா? மாற்றங்கள் எல்லாம் முன்பே நடத்தப்பட்டவை என்றால், தேர்ந்தெடுக்கும் வேலைக்கே பொருளில்லையே.

என் கணிப்பில் இந்தச் சுற்றில் வென்றவர் டார்வின். 1943இல் உயிரியல் ஆய்வாளர்கள் லூரியா, டெல்புரூக் இருவரும் செய்த சோதனை அவர் பக்கம் இன்னும் வலுச் சேர்த்தது. வைரஸைத் தாங்கும் பாக்டீரியாக்கள், வைரஸைச் சந்தித்த பிறகு அந்தத் தேவைக்காக மாறியவை அல்ல, முன்னதாகவே தற்செயலாக அப்படி மாறியிருந்தவை என்று அது காட்டியது. ஆனால் கவனமாகப் படிக்க வேண்டும். உயிரியல் 'தற்செயல்' என்று சொல்வது, மாற்றம் உயிரின் தேவையைப் பார்த்து வருவதில்லை என்ற பொருளில்தான். காரணமே இல்லை என்றோ, அதற்கப்பால் எந்த நோக்கமும் இருக்க முடியாது என்றோ அந்தச் சோதனை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. தற்செயலைக் கடவுளுக்கு எதிரியாகப் பார்ப்பதும் பழைய சமய வழக்கம் அல்ல. 'சீட்டு மடியிலே போடப்படும். காரியசித்தியோ கர்த்தரால் வரும்' என்கிறது விவிலியத்தின் நீதிமொழிகள் நூல். அக்குவினாஸும், சில நிகழ்வுகள் கட்டாயமாகவும் சில தற்செயலாகவும் நடக்க வேண்டும் என்பதே இறைச்சித்தம் என்றார். அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். நுண்ணோக்கி இதில் தீர்ப்புச் சொல்லாது.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த மரபிலிருந்து வந்ததால்தான் அதற்குப் பெரிய நெருக்கடி ஏற்படவில்லை. 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் ஏற்கெனவே இருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா என்று ஆராயத் தடையில்லை என்றார். 1996 அக்டோபரில் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று போப்பாண்டவரின் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். 2014இல் பிரான்சிஸ், கடவுள் மந்திரக்கோல் ஏந்திய வித்தைக்காரர் அல்லர் என்றார். திருச்சபை கோடு கிழிக்கும் இடம் ஒன்றுதான்: உடல் பரிணாமத்தின் வழியாக வரலாம், ஆன்மாவை ஒவ்வொருவருக்கும் கடவுளே நேரடியாகப் படைக்கிறார்.

இந்தக் கோட்டைச் சமயவாதிகள் மட்டும் கிழிக்கவில்லை என்பது வேடிக்கை. இயற்கைத் தேர்வை டார்வினோடு சேர்ந்து கண்டறிந்த ஆல்ஃபிரெட் வாலஸே 1869இல், மனித மூளையை இயற்கைத் தேர்வு மட்டும் உருவாக்கியிருக்க முடியாது, மேலான அறிவு ஒன்று தலையிட்டிருக்க வேண்டும் என்று எழுதினார். நம் இருவருடைய குழந்தையையும் முழுவதுமாகக் கொன்றுவிட மாட்டீர்கள் என நம்புகிறேன் என்று டார்வின் அவருக்கு எழுதியது பலருக்கும் தெரிந்த வரி.

உடலைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரே ஒரு சான்றைக் கிட்டத்தில் பார்ப்போம். மனிதருக்கு 46 குரோமோசோம்கள் (மரபணுக்களைச் சுமக்கும் டிஎன்ஏ இழைகள்). சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாவற்றுக்கும் 48. பொது மூதாதை உண்மையென்றால் நம் வரிசையில் இரண்டு குரோமோசோம்கள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டியிருக்கின்றன. நம்முடைய இரண்டாம் குரோமோசோமின் நடுவில், வழக்கமாக நுனிகளில் மட்டும் இருக்க வேண்டிய டிஎன்ஏ வரிசைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரே ஒரு மையப்பகுதி இருக்க வேண்டிய இடத்தில், செயலிழந்த இரண்டாவது மையத்தின் தடமும் இருக்கிறது. மனித மரபணுத் தொகுதித் திட்டத்தை அமெரிக்காவில் வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் உறுதியான கிறிஸ்தவர்; பொது மூதாதைக்கு அவர் எடுத்துக்காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்று.

உண்மையான சிக்கல் ஆதாமும் ஏவாளும்தான். இன்றைய மனிதரின் மரபணு வேறுபாடுகளைப் பார்த்தால் நம் மூதாதையர் கூட்டம் அண்மைக் காலத்தில் ஒரே ஒரு தம்பதியாகச் சுருங்கியிருக்க வாய்ப்பில்லை, ஆயிரக்கணக்கானோராகவே இருந்திருக்கிறது. முதல் பாவம், அதனால் வந்த மீட்பு என்ற கிறிஸ்தவக் கதையின் அச்சாணி அந்தத் தம்பதி. 1950இல் பயஸும் இந்த இடத்தில் மட்டும் கதவைத் திறக்கத் தயங்கினார். ஆதாமை உருவகமாகக் கொள்வோர் உண்டு. ஒரு கூட்டத்தின் தலைவராகக் கொள்வோர் உண்டு. வேறு மனிதர்களும் வாழ்ந்த உலகில் கடவுள் தனியே அழைத்த ஒரு தம்பதி, அவர்களுடைய வழித்தோன்றல்கள் கலந்து கலந்து இன்று எல்லோருக்கும் மூதாதையர் ஆகிவிட்டார்கள் என்போரும் உண்டு. கடைசிச் சொன்னது மரபியலோடு மோதவில்லை. எனக்கு அது சற்று வலிந்து கட்டியதாகப் படுகிறது.

பூமிக்கு ஆறாயிரம் முதல் பத்தாயிரம் ஆண்டுகள்தான் வயது என்னும் படைப்புவாதத்தைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இன்று 'பழைய நம்பிக்கை' என்று முன்வைக்கப்படும் அது, இன்றைய வடிவில் இருபதாம் நூற்றாண்டின் சரக்கு. 1925இல் அமெரிக்காவின் டென்னசியில் நடந்த புகழ்பெற்ற வழக்கில் பரிணாமத்தை எதிர்த்து வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, ஆறு நாட்கள் நீண்ட யுகங்களாக இருக்கலாம் என்று கூண்டில் ஒப்புக்கொண்டார். இளம் பூமிக் கொள்கை பரவலாகப் பிடித்துக்கொண்டது 1961க்குப் பிறகுதான்.

உயிர்களின் சிக்கலான அமைப்பை அறிவுள்ள ஒருவர் வடிவமைத்திருக்க வேண்டும் என்னும் அதன் தம்பியான 'அறிவார்ந்த வடிவமைப்பு' கதை இன்னும் சுவையானது. படைப்புவாதத்தைப் பள்ளியில் கற்பிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டையொட்டி, தயாரிப்பில் இருந்த ஒரு பள்ளி நூலின் கையெழுத்துப்படியில் 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடமெல்லாம் 'வடிவமைப்பை ஆதரிப்போர்' என்று மாற்றப்பட்டது. ஓரிடத்தில் மாற்றியவரின் கை தவறிவிட்டது. பழைய சொல்லின் தலையும் வாலும் அப்படியே இருக்க, நடுவில் புதுச் சொல் செருகிக்கொண்டு நின்றது. 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் நகரப் பள்ளி வழக்கில் இது நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. நீதிபதி, இது அறிவியல் அல்ல, வேறு பெயரில் வந்த சமயக் கருத்து என்று தீர்ப்பெழுதினார். பாக்டீரியாவின் சுழலும் கசை இழையில் ஒரு பாகத்தை எடுத்தாலும் இயங்காது, ஆகவே அது படிப்படியாக வந்திருக்க முடியாது என்பது அவர்களுடைய முக்கிய வாதம். அதே பாகங்களில் ஒரு பகுதிக்கு நெருங்கிய உறவுடைய அமைப்பு, வேறு பாக்டீரியாக்களில் நச்சுப் புரதத்தைச் செலுத்தும் ஊசியாக நன்றாகவே வேலை செய்கிறது. இதை அந்த வழக்கில் எடுத்துச் சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர், தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர்.

இஸ்லாத்தில் நிலைமை வேறு. உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்து படைத்ததாகக் குர்ஆன் சொல்கிறது. உங்களைப் பல படிநிலைகளாகப் படைத்தான் என்றும் ஒரு வசனம் வருகிறது. ஆறு நாட்களை நீண்ட காலங்களாகக் கொள்வதில் பலருக்கும் தயக்கமில்லை. ஆகவே பூமியின் வயது அங்கே பெரிய பிரச்சினை ஆகவில்லை. இமாம் கஸ்ஸாலியின் பதினோராம் நூற்றாண்டு வாதம் அக்குவினாஸையும் தாண்டிப் போகிறது: நெருப்பு பஞ்சை எரிப்பதில்லை; நெருப்பு பட்டதும் பஞ்சு எரியுமாறு ஒவ்வொரு முறையும் இறைவனே செய்கிறான்; நாம் இயற்கை விதி என்று அழைப்பது அவனுடைய மாறாத வழக்கம். இப்படிப் பார்க்கிறவருக்கு மரபணு மாற்றமோ இயற்கைத் தேர்வோ அச்சுறுத்தல் ஆகாது. 1888இல் லெபனானின் திரிப்போலியைச் சேர்ந்த அறிஞர் ஹுசைன் அல்ஜிஸ்ர், பரிணாமம் ஐயமற நிறுவப்பட்டால் வசனங்களை அதற்கேற்ப விளக்கிக்கொள்ள இடமுண்டு, இன்னும் நிறுவப்படவில்லை என்று எழுதினார். முடிவைவிட அந்த அணுகுமுறையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனாலும் ஆதம் (அலை) தாய் தந்தையின்றி மண்ணிலிருந்து படைக்கப்பட்டார் என்ற இடத்தில் பெரும்பாலான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) நின்றுவிடுகிறார்கள். மற்ற உயிர்களுக்குப் பரிணாமம் சரி, மனிதருக்கு மட்டும் விலக்கு என்பது இன்று பரவலாக உள்ள சமரசம். எதிர்ப்பும் வலுவாகவே இருக்கிறது. துருக்கி 2017இல் உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டது.

யூதர்களிடையே, இந்த உலகத்துக்கு முன் கடவுள் பல உலகங்களைக் கட்டி அழித்தார் என்ற பழைய மரபு உண்டு. 1842இல், டார்வினின் நூலுக்கு முன்பே, இஸ்ரேல் லிப்ஷிட்ஸ் என்ற ரபி (யூத மதகுரு) புதைபடிவங்களை அந்த உலகங்களின் எச்சம் என்று வரவேற்றார். ரபி கூக், பரிணாமம் யூத மறைஞான மரபான கபாலாவோடு பிற கொள்கைகளைவிட நன்றாகப் பொருந்துகிறது என்றார்.

இனி நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம்: 'எங்கள் நூலில் இது எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது' என்ற வாதம். மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன் என்று தசாவதாரம் பரிணாம வரிசையில் வருகிறதே என்பார்கள். இந்த ஒப்பீட்டை 1877இல் அச்சேற்றிப் பரப்பியவர் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார். டார்வின் வருவதற்கு முன் எந்த ஆசாரியரும் இப்படிப் படித்ததில்லை. படித்திருக்கவும் முடியாது. மச்சாவதாரக் கதையில் மீன் காப்பாற்றுவது மனு என்னும் மனிதரை! மனிதர் முன்பே படகில் ஏறிக் காத்திருக்கிறார். கூர்மாவதாரத்தில் தேவரும் அசுரரும் கடலைக் கடைந்துகொண்டிருக்கிறார்கள். எந்த அவதாரமும் முந்திய அவதாரத்துக்குப் பிறந்ததல்ல.

'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப் பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக் கல்லாய் மனிதராய்ப் பேயாய்' என்ற மாணிக்கவாசகர் வரிகளுக்கும் இதே கதி நேர்கிறது. புழுவுக்குப் பின் மரம், பறவைக்குப் பின் பாம்பு, பாம்புக்குப் பின் கல், மனிதருக்குப் பின் பேய். இது உயிரினங்களின் வரலாறு என்றால் மிக மோசமான வரலாறு. மாணிக்கவாசகர் அதை எழுதவே இல்லை. ஓர் உயிர் பிறந்து பிறந்து இளைத்த களைப்பை எழுதினார். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள், பூமியின் வயது 454 கோடி என்று பூரிப்பதும் அப்படியே. புராணக் கணக்கின்படியே இந்தக் கல்பத்தில், அதாவது பிரம்மாவின் இப்போதைய பகலில், இதுவரை கழிந்தவை சுமார் 197 கோடி ஆண்டுகள்தான்.

போலிப் பொருத்தங்களைத் தள்ளிவிட்டால், இந்திய மரபுகளில் உண்மையிலேயே வலுவானவை கண்ணில் படும். யோக சூத்திரத்தில் பதஞ்சலி, ஓர் இனம் வேறோர் இனமாக மாறுவது இயற்கை நிரம்பி வழிவதால் என்கிறார்: உழவர் வரப்பை வெட்டிவிடுகிறார், நீர் தன் இயல்பில் பாய்கிறது. விவேகானந்தர் இதை எடுத்துக்கொண்டு, வெளிவருவதெல்லாம் உள்ளே ஒடுங்கியிருந்ததே, புத்தராகப் போகிறவர் ஆதிச் சிற்றுயிரிலேயே ஒடுங்கியிருந்தார் என்று வாதிட்டார். கம்பீரமான கருத்து. ஆனால் உயிரியல் காட்டும் பரிணாமத்தில் அப்படி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஒரு மரபணு தவறுதலாக இரண்டாகப் படியெடுக்கப்பட்டு, ஒன்று பழைய வேலையைப் பார்க்க, இன்னொன்று புது வேலைக்குத் திரும்புகிறது. அந்தப் புதுமை முன்பே இருந்ததல்ல.

சைவ சித்தாந்தத்தின் நிலை, இந்தக் கேள்விக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. அங்கே உயிர்களைக் கடவுள் படைக்கவில்லை. பதியைப் (இறைவன்) போலவே பசுவும் (உயிர்) பாசமும் (தளை) அநாதி. குடத்துக்கு மண்போல மாயை முதற்காரணம் (அக்குவினாஸ் சொன்ன பொருளில் அல்ல, மூலப்பொருள் என்ற பொருளில்), கருவிபோலச் சத்தி துணைக்காரணம், குயவர்போல இறைவன் நிமித்த காரணம். அவன் கொடுப்பது தனு, கரணம், புவனம், போகம், அதாவது உயிர் பக்குவப்படுவதற்கான உடலும் கருவிகளும் உலகமும் நுகர்ச்சியும். ஆகவே 'உயிர் எப்படித் தோன்றியது' என்று கேட்டால் சித்தாந்தி, உடல் எப்படித் தோன்றியது என்று கேளுங்கள் என்று திருத்துவார். அந்த உடல் மாயையிலிருந்து எந்த முறையில் வந்தது என்பதை ஆராய்ச்சிக்கு விட்டுவிடுவதில் அவருக்கு இழப்பில்லை. இடறும் இடம் வேறு. மறுபிறவிக்கு உடல்கள் தாழ்ந்தது, உயர்ந்தது என்று படிவரிசையில் நிற்க வேண்டும். மானிடப் பிறவி அரிது என்ற உணர்வே அதன் உயிர்நாடி. பரிணாமத்தில் ஏணி கிடையாது, கிளைகள்தான். கரப்பானும் நாமும் ஒரே காலம் நடந்து வந்த இரண்டு கிளைகள். இதற்கு நேரான பதிலைச் சித்தாந்த அறிஞர் எவரும் விரிவாக எழுதிப் பார்க்க ஆசை.

சமணத்துக்குப் படைத்தவரே இல்லை. புத்தர், உலகம் தோன்றியதா இல்லையா போன்ற கேள்விகளை ஒதுக்கிவைத்தார். ரிக்வேதத்தின் படைப்புப் பாடலோ, இது எங்கிருந்து வந்தது என்று மேலான வானத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாமலிருக்கலாம் என்று முடிகிறது.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது; என் பார்வையில் அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம். இக்னியூமன் என்ற குளவிக் குடும்பத்தில் பல இனங்களின் தாய்க் குளவி, உயிருள்ள கம்பளிப்புழுவின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குளவிப் புழு உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். முதலில் கொழுப்பு, உயிர் தாங்கும் உறுப்புகள் கடைசியில். உணவு கெடாமலிருக்கக் கம்பளிப்புழு உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? அன்பும் ஆற்றலும் நிறைந்த கடவுள் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை என 1860 மே மாதம் டார்வின் நண்பர் ஆசா கிரேக்கு எழுதினார். அதோடு அழிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உயிரினங்களில் பெரும்பான்மை ஒரேயடியாக அழிந்தது.

மனிதனின் பாவத்தால் மரணம் வந்தது என்ற விடை இங்கே செல்லாது, மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மரணம் இருந்தது. இயற்பியலாளராக இருந்து ஆங்கிலிக்கன் குருவான ஜான் போல்கிங்ஹார்ன், தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் சுதந்திரம் உலகுக்குத் தரப்பட்டால் புற்றுநோயும் அதன் விலையாக வரும், புதுமையைத் தரும் அதே மரபணு மாற்றம்தான் அதையும் தருகிறது என்றார். நேர்மையான விடை, குளவிக்கு முன்னால் அது போதுமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. வினைக்கொள்கை விலங்கின் துன்பத்துக்கும் கணக்குச் சொல்கிறது, அந்த வகையில் அதன் பிடி உறுதியானது. ஆனால் கம்பளிப்புழு அந்தத் துன்பத்திலிருந்து எதைக் கற்றுப் பக்குவப்படுகிறது என்று அதனிடமும் கேட்கலாம்.

இனி மூன்றாவது கேள்வி. 1953இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி கலவையில் மின்பொறி பாய்ச்சி, சில நாட்களில் அமினோ அமிலங்களைப் பெற்றார். 1980களில், டிஎன்ஏவின் உறவான ஆர்என்ஏ மரபுத் தகவலைச் சுமப்பதோடு வேதிவினையையும் தூண்டவல்லது என்று தெரிந்தது. 2009இல் அதன் கட்டுமான அலகுகளில் இரண்டு, தொடக்ககாலப் பூமியில் இருந்திருக்கக்கூடிய எளிய பொருட்களிலிருந்து உருவாகும் வழி காட்டப்பட்டது. தன்னைத் தானே படியெடுத்துப் பரிணமிக்கும் முழு அமைப்பு இன்னும் கைக்கு வரவில்லை. 2010இல் 'செயற்கை உயிர்' என்று தலைப்புச் செய்தி ஆனது, ஏற்கெனவே அறிந்த மரபணுத் தொகுதி ஒன்றைச் செய்து, ஏற்கெனவே உயிரோடிருந்த செல்லுக்குள் வைத்ததுதான்.

ஒருநாள் உண்மையிலேயே நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1860இல் அச்சேறிய அந்தச் சமரசமும் அறிவார்ந்த வடிவமைப்பும் அடிவாங்கும். அக்குவினாஸ் அசையமாட்டார், ஏனென்றால் அவர் காலத்தில் அழுகும் பொருளிலிருந்து புழுக்கள் தாமே தோன்றுகின்றன என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்; அதில் இறைநம்பிக்கைக்கு எந்த ஆபத்தையும் காணவில்லை. முட்டையில், கருப்பையில், விதையில் பிறப்பவற்றோடு வேர்வையில் பிறக்கும் சுவேதசத்தையும் நான்காவது வகையாக எண்ணிய இந்திய மரபுக்கும் அது அதிர்ச்சி ஆகாது. உயிரற்றதிலிருந்து உயிர் வந்தால் கடவுளுக்கு வேலையில்லை என்ற அச்சம் பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். நுண்ணுயிர்கள்கூடத் தாமே தோன்றுவதில்லை என்று 1860களில் லூயி பாஸ்டர் குடுவைகளை வைத்து நிறுவியபோது, பொருள்முதல்வாதத்துக்கு விழுந்த அடியாக அதைக் கொண்டாடியவர்கள் சமயவாதிகள். அறுநூறு ஆண்டுகளாக அவர்களுக்குத் தேவைப்படாத ஒரு கோட்டையை ஓர் ஆய்வுக்கூட முடிவின் மேல் கட்டிக்கொண்டார்கள். அதில் குடியிருப்போர் மட்டுமே அடுத்த ஆய்வுக்கூட முடிவுக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது.